எழுபது பவுண் ஆட்டக்காரர்

1905ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே இங்கிலாந்து தேசத்துப் பத்திரிகைகள் ஒரு செய்தியை வியப்போடும், சற்று அருவருப்போடும் வெளியிட்டன. அல்வ் கொமன் என்னும் உதைபந்தாட்டக்காரரைச் சண்டர்லாந்துக் கழகத்திடமிருந்து மிடில்ஸ்பரோக் கழகம் ஆயிரம் பவுண் கொடுத்து வாங்கிவிட்டது. ஓர் ஆட்டக்காரரின் பொருட்டு நாலிலக்கத் தொகை கைமாறியது அதுவே முதன்முறை. மனிதரை இவ்வாறு விலை பேசுதல் தகுமா எனச் சிலர் கேட்டனர். விளையாட்டு வியாபாரமாகிவிட்டதெனச் சிலர் அங்கலாய்த்தனர்.

மறு மாதத்தில் இன்னொரு விற்பனை நிகழ்ந்தது. நொட்ஸ் கவுன்டி என்னுங் கழகம், தன் முதல் அணியில் நிலையான இடமின்றி இருந்த முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை டொட்டன்ஹாம் கழகத்துக்கு 70 பவுணுக்கு விற்றது. சுமார் இரண்டாண்டுகளுக்கு முன் அதே கழகம் அவரைப் பெறுதற்கு 300 பவுண் கொடுத்திருந்தது. அந்த இடைக்காலத்தில் அவர் அக்கழகத்துக்காக ஆடியவை ஏழே ஆட்டங்கள். போட்டது ஒரே கோல். போதாக்குறைக்கு ஒரு பருவம் நோர்தம்டன் கழகத்துக்கு இரவலாகவும் அனுப்பப்பட்டார். வாங்கிய விலையில் நாலிலொரு பங்கையேனும் மீட்டெடுக்க முடியாத சரக்கு. இதைப் பற்றிப் பத்திரிகைகள் எதற்காக வியக்கப் போகின்றன?

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஆயிரம் பவுண் கொமனும் எழுபது பவுண் மனிதரும் 1902 - 03 பருவத்தில் ஷெபீல்ட் யுனைற்றட் கழகத்தில் ஒரே முன்வரிசையில் நின்று ஆடியவர்கள். இருவரும் உடல்வலிமையை நம்பி மோதி ஆடும் இனத்தவர். அதனாலேயே ஒருவருக்கொருவர் பொருந்தவில்லை. ஒரே கொட்டகையில் நின்ற இருவரில் ஒருவருக்குச் சந்தை ஆயிரம் சொன்னது. மற்றவருக்கு எழுபது சொன்னது. எழுபது எனச் சொல்லப்பட்டவர் ஹேர்பேட் சப்மன். பிற்காலத்தில் ஆட்டக்காரரின் விலையை மதிப்பிடுவதில் இங்கிலாந்து முழுவதும் தமக்கு நிகரில்லையெனப் பெயரெடுத்து, பத்தாயிரம் பவுணுக்கு மேற்கொடுத்து ஒருவரை வாங்கிய முதல் முகாமையாளர் அவரே.

சப்மன் 1878ஆம் ஆண்டு சனவரி 19ஆம் திகதி யோர்க்ஷயரிலே கிவற்றன் பார்க் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளி, எழுத்தறிவில்லாதவர். நிறைந்த பிள்ளைகளையுடைய வீடு. சுரங்கத்துப் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் இரண்டு வாசல்களே திறந்திருந்தன. ஒன்று சுரங்கவாசல், மற்றது உதைபந்தாட்ட மைதானத்தின் வாசல். சப்மனோ மூன்றாவதாக ஒரு வாசலையுங் கண்டார். ஷெபீல்ட் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து சுரங்கப் பொறியியல் கற்றார். இந்தப் படிப்பு அவரைக் கைவிடவேயில்லை. எந்தக் கழகத்தில் ஆடினாலும் அந்த ஊரில் ஓர் உத்தியோகத்தையும் தேடிக்கொள்வது அவர் வழக்கம். விளையாட்டையே நம்பி நின்றவர்களின் கண்ணுக்குப் படாத பல விடயங்கள் அவர் கண்ணுக்குப் பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அவருடைய தம்பி ஹறி, ஷெபீல்ட் வெனஸ்டே கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். லீக் சம்பியன் பட்டமும் இங்கிலாந்துக் கிண்ணமும் வென்ற அணியில் ஆடியவர். அண்ணனோ ஸ்ரேலிபிரிட்ஜ், றொச்டேல், கிறிம்ஸ்பி, சுவிண்டன், ஷெப்பி, வேர்க்சொப் என்று ஊரூராகத் திரிந்தவர். டொட்டன்ஹாமில் ஆடியபோது கன்றின் தோலாற் செய்த மஞ்சள்நிறச் சப்பாத்து அணிந்து மைதானத்தில் இறங்குவாராம். பார்வையாளர் நினைவில் ஆட்டத்திலும் பார்க்கச் சப்பாத்தே நின்றது எனின் அவருடைய ஆட்டத்தின் தரம் விளங்கும்.

1907இல் டொட்டன்ஹாமும் அவரை விட்டுவிட்டது. அவ்வேளையில் நோர்தம்டன் கழகம் ஒரு முகாமையாளரைத் தேடியது. அப்பதவி முதலில் சப்மனின் சக ஆட்டக்காரரான வோல்டர் புல் என்பவருக்கே வந்தது. அவர் மனம் மாறி, சப்மனைக் கேட்டுப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டார். இங்ஙனம் பிறர் வேண்டாமென்ற கதிரையிலே சப்மன் முதன்முதலில் அமர்ந்தார். தென்பகுதி லீக்கில் அடிமட்டத்திற் கிடந்த நோர்தம்டன், 1909இல் அந்த லீக்கின் சம்பியன் ஆயிற்று.

அவர் மேற்கொண்டு செய்தவற்றைச் சொல்வதற்கு முன், இந்த விற்பனை முறை என்ன என்பதை வாசகர்களுக்குச் சற்று விளக்குதல் வேண்டும். இல்லையேல் விலைகள் வெறும் இலக்கங்களாகவே தோன்றும்.

இங்கிலாந்து லீக்கிலே ஆட்டக்காரர் ஒருவரைப் பதிவுசெய்த கழகமே அவருடைய பதிவுக்கு உரிமை பூண்டது. பருவம் முடிந்ததும் அவரைத் தொடர்ந்து வைத்திருப்பதா, விற்பனைப் பட்டியலில் இடுவதா என்பதைக் கழகமே தீர்மானிக்கும். வைத்திருப்பதாகக் கழகம் சொல்லிவிட்டால், கொடுக்கும் ஊதியத்தை ஏற்க மறுத்தவர் லீக்கிலுள்ள வேறெந்தக் கழகத்திலும் ஆட இயலாது. ஊதியத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருந்தது. 1901இல் அது வாரத்துக்கு 4 பவுண்; 1922 முதற் பருவகாலத்தில் 8 பவுண், கோடையில் 6 பவுண். கழகத்துக்குக் கழகம் கைமாறிய தொகையிலே ஆட்டக்காரருக்குப் பங்கு கிடையாது. புதிய கழகத்தில் ஒப்பமிடும்போது 10 பவுண் கிடைக்கும். ஆயிரம் பவுணுக்கு விற்கப்பட்டவருக்கும் அதே பத்து. எழுபதுக்கு விற்கப்பட்டவருக்கும் அதே பத்து. 1908இல் உதைபந்தாட்டச் சங்கத்தார் விலைக்கும் ஓர் உச்சவரம்பு வகுத்துப் பார்த்தனர். 350 பவுணுக்கு மேல் எவரையும் விற்கலாகாது என்றனர். கழகங்கள் நல்ல ஆட்டக்காரர் ஒருவரோடு ஆடத்தெரியாத இருவரைச் சேர்த்துக்கட்டி விற்று அந்த விதியைச் சிரிப்புக்கிடமாக்கின. சில மாதங்களிலேயே விதி கைவிடப்பட்டது. ஆட்டக்காரரைக் கட்டிவைக்கும் முறையோ 1963இல் ஜோர்ஜ் ஈஸ்ரம் தொடுத்த வழக்கிலே, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிமன்றம் தீர்ப்புக் கூறும்வரை அசையாமல் நின்றது.

இத்தகைய சந்தையிலேதான் சப்மன் வாழ்நாள் முழுவதும் வாங்கியும் விற்றும் வந்தார்.

1912இல் அவர் லீட்ஸ் சிற்றி கழகத்துக்குச் சென்றார். இரண்டாம் பிரிவில் தத்தளித்த அக்கழகம் அவர் கையில் நான்காம் இடம்வரை உயர்ந்தது. அப்பொழுது உலக யுத்தம் மூண்டது. 1916இல் சப்மன் உதைபந்தாட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பாண்போ என்னுமிடத்திலிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் நிர்வாகத்திற் பொறுப்பேற்றார். யுத்தகாலத்தில் ஆட்டக்காரருக்குச் செலவுப்பணமன்றி ஊதியம் கொடுக்கலாகாது என்பது விதி. லீட்ஸ் சிற்றி அவ்விதியை மீறிப் பணம் கொடுத்ததென, கழகத்தோடு மனத்தாங்கல் கொண்ட பழைய ஆட்டக்காரர் ஒருவர் முறையிட்டார். கணக்குப் புத்தகங்களைக் காட்டுமாறு அதிகாரிகள் கேட்டனர். கழகத்தார் காட்ட மறுத்தனர். 1919 ஒக்டோபரில், பருவத்தின் எட்டு ஆட்டங்கள் முடிந்திருந்த நிலையில், லீட்ஸ் சிற்றி லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தது உதைபந்தாட்ட வரலாற்றிலே வேறெங்கும் காண்டற்கரிய காட்சி. 1919 ஒக்டோபர் 17ஆம் திகதி லீட்ஸ் நகரத்து மெற்றப்போல் ஹோட்டலிலே அக்கழகத்தின் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தன. கோற்கம்பங்கள் வந்தன, வலைகள் வந்தன, சப்பாத்துக்கள் வந்தன. அவற்றோடு பதினாறு ஆட்டக்காரரும் வந்தனர். பல கழகங்களின் பிரதிநிதிகள் கூடியிருந்து விலை கூறினர். பில்லி மக்லௌட் என்பவருக்கு 1,250 பவுண் கிடைத்தது, அதுவே உச்சவிலை. அரிச்சந்திரன் காசிமாநகரிலே மனைவியையும் மகனையும் விற்றுத் தானும் விலைப்பட்ட கதையைக் கூத்திலே பார்த்து அழுதவர் நாம். அங்கே விலைப்பட்டவனுக்கு ஒரு சத்தியம் துணை நின்றது. இந்தப் பதினாறு பேருக்கோ எவ்வித விரதமும் இல்லை. பிறர் மறைத்த கணக்குப் புத்தகத்துக்காக அவர்கள் ஏலத்தில் நின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சப்மன் தேடிச் சேர்த்தவர்கள்.

சப்மன் 1918 டிசம்பரிலேயே லீட்ஸ் சிற்றியிலிருந்து விலகியிருந்தார். இருப்பினும் கழகத்தின் நிர்வாகிகளோடு சேர்த்து அவருக்கும் உதைபந்தாட்டத்தில் இடமில்லை எனத் தடை விதிக்கப்பட்டது. செல்பி என்னும் ஊரிலே ஓர் எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளராக வேலை செய்தார். 1920இன் இறுதியில் அந்த வேலையும் போயிற்று. நாற்பத்திரண்டு வயது, தொழிலில்லை, தெரிந்த விளையாட்டுக்குள் நுழையவும் அனுமதியில்லை. அவ்வேளையில் அயலூரான ஹடர்ஸ்பீல்ட் கழகத்தார் அவரை அழைத்தனர். முறைகேடு நடந்த காலத்தில் அவர் கழக அலுவலகத்திலன்றி வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார் எனக் காட்டித் தடையை நீக்குவித்தனர்.

ஹடர்ஸ்பீல்ட் கம்பளி ஆலைகள் நிறைந்த நடுத்தர நகரம். அங்கே மக்களின் அபிமானம் றக்பி ஆட்டத்தின் மீதே இருந்தது. பெரிய பணம் இல்லை. சப்மனின் மதிப்பீட்டுத் திறன் முதன்முதலில் முழுமையாக வெளிப்பட்டது இங்கேதான். அஸ்ரன் வில்லாக் கழகத்திலே கிளெம் ஸ்டீவன்சன் என்றொருவர் இருந்தார். வயது முப்பத்தொன்று. ஓட்டம் தளர்ந்துவிட்டது, இனி இறங்குமுகந்தான் என்பது ஊர்க்கணிப்பு. மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வதுபோலவே கழகங்கள் ஆட்டக்காரருக்கு விலை சொல்லி வந்தன. சப்மன் வேறொன்றைப் பார்த்தார். தம்மிடமிருந்த இளைஞர்களின் கால்களில் ஓட்டம் இருந்தது. அந்த ஓட்டத்தை எங்கே திருப்புவது என்று சொல்ல ஒரு தலை இல்லை. ஸ்டீவன்சன் தாமாக ஓடத் தேவையில்லை. பிறரை ஓடவைத்தாற் போதும். அவரை வாங்கி அணித்தலைவராக்கினார். 1922இல் ஹடர்ஸ்பீல்ட் இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்றது. 1924இலும் 1925இலும் லீக் சம்பியன் ஆயிற்று. இறங்குமுகம் என்று கணிக்கப்பட்ட ஸ்டீவன்சன் முப்பத்துநான்காம் வயதிலே இங்கிலாந்து தேசிய அணிக்கும் ஆடினார்.

ஓர் ஆட்டக்காரரின் விலை அவருடைய உடம்பிலோ வயதிலோ இல்லை, வாங்குகிற அணியிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது என்பதே சப்மன் கண்ட கணக்கு எனலாம். அந்த வெற்றிடத்தின் அளவை அறிந்தவன் எவ்வளவு கொடுத்தாலும் ஏமாறமாட்டான். அறியாதவன் எவ்வளவு குறைத்து வாங்கினாலும் நட்டப்படுவான். நொட்ஸ் கவுன்டி தமக்கு 300 கொடுத்தது எதற்காக என்று அவர் பிற்காலத்தில் எண்ணிப் பார்த்திருப்பாரோ என்னவோ. அக்கழகத்தில் அவருக்கென ஓர் இடமே இருக்கவில்லை.

1925ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் லண்டன் ஆர்சனல் கழகம் முகாமையாளர் தேவையென விளம்பரம் செய்தது. பெருந்தொகை கொட்டி ஆட்டக்காரரை வாங்கித்தான் அணியைக் கட்டமுடியும் என்று எண்ணுவோர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என அதிலே கண்டிருந்தது. எழுதுவித்தவர் கழகத்தின் தலைவர் சேர் ஹென்றி நொறிஸ். வருடத்துக்கு 2,000 பவுண் ஊதியத்தில் அப்பதவியை ஏற்றவர் சப்மன். உதைபந்தாட்டத்தின் விலைவாசியையே தலைகீழாக்கப் போகிறவரை அந்த விளம்பரம் கூட்டிவந்தது என்பதை எண்ணுந்தோறும் நகைப்பே எழுகிறது.

வந்த இரு மாதங்களுள் சப்மன் சண்டர்லாந்து ஆட்டக்காரர் சார்ளி பக்கனைக் கேட்டார். பக்கனுக்கு முப்பத்துமூன்று வயது கடந்திருந்தது. சண்டர்லாந்து முகாமையாளர் 4,000 பவுண் சொன்னார். வயதைக் கேட்டுத் தயங்கியவர்களிடம், முதற் பருவத்தில் இருபது கோலாவது போடுவார் என்று உறுதி கூறினார். அப்படியாயின் இப்போது 2,000. அதன்பின் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 என்றார் நொறிஸ். ஒப்பந்தமாயிற்று. பக்கன் அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். சண்டர்லாந்துக்குச் சேர்ந்தது 4,100 பவுண். கேட்டதிலும் நூறு அதிகம். சிக்கனம் பார்த்த தலைவர், பக்கன் ஒவ்வொரு முறை பந்தை வலைக்குள் அடித்தபோதும் மகிழ்வதா வருந்துவதா எனத் திணறியிருப்பார். இந்தப் பக்கன் இளைஞராயிருந்த காலத்திலே ஆர்சனலுக்குச் சிலகாலம் ஆடியவர்; செலவுக்கணக்காக அவர் காட்டிய 11 ஷில்லிங்கைத் தர மறுத்தபடியால் கழகத்தை விட்டகன்றவர். பதினொரு ஷில்லிங்கை மிச்சம் பிடித்த கழகம் பதினாறு ஆண்டுகளின்பின் அதே மனிதருக்காக நாலாயிரத்துக்கு மேற் கொடுத்தது.

நொறிஸ் கழகப்பணத்தைக் கையாண்டதில் முறைகேடு கண்ட சங்கத்தார் 1927இல் அவரை விலக்கினர். அதன்பின் சப்மனின் கையைத் தடுப்பார் இல்லை.

1928இல் பக்கன் ஓய்வுபெற்றார். அவ்விடத்துக்குச் சப்மன் குறித்து வைத்திருந்தவர் போல்டன் கழகத்து டேவிட் ஜாக். 1923இல் வெம்பிளி அரங்கில் நிகழ்ந்த முதலாவது கிண்ண இறுதியாட்டத்தில் முதற்கோலைப் போட்டவர். போல்டன் கழகத்தார் அவரை விற்க விரும்பவில்லை; ஆளை ஓட்டும் நோக்கத்தோடு 13,000 பவுண் என்றனர். அதுவரை கொடுக்கப்பட்ட உச்சத்தொகை 6,500. பேச்சு லண்டன் யூஸ்டன் ஹோட்டலில் நிகழ்ந்தது. சப்மனோடு சென்ற உதவியாளர் பொப் வோல் இக்கதையைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். போல்டன் விருந்தினர் வருமுன்பே சப்மன் பரிசாரகரை அழைத்து, தாம் கேட்கும் மதுவிலே மது இருக்கலாகாது, விருந்தினர் எது கேட்டாலும் இரட்டிப்பாக வார்க்கவேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். நேரஞ்செல்லச் செல்ல விருந்தினரின் உள்ளம் நெகிழ்ந்தது, விலையும் நெகிழ்ந்தது. முடிவாக 10,890 பவுணுக்கு ஜாக் ஆர்சனலுக்கு உரியவரானார். குடித்தவர்கள் உறுதியை இழந்ததும் குடியாதவர் காரியத்தை முடித்ததும் நம் மதுவிலக்கு மேடைகளில் எடுத்தாளத்தக்க கதைதான். ஆயினும் வென்றவரின் செயல் அவ்வளவு போற்றத்தக்கதன்று.

அந்தத் தொகை தேசத்தைத் திடுக்கிடச் செய்தது. உலகத்தில் எந்த ஆட்டக்காரரும் அவ்வளவு பெறுமதியானவர் அல்லர் என உதைபந்தாட்டச் சங்கத் தலைவர் சேர் சார்ள்ஸ் கிளெக் வெளிப்படையாகவே கூறினார். நாம் வேறொரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சவரம்பு ஊதியம் வாங்கிய ஆட்டக்காரர் ஒருவர் ஆண்டொன்றுக்குப் பெறக்கூடியது 400 பவுணுக்குச் சற்றுக் குறைவு. ஜாக்கின் பொருட்டுக் கைமாறிய பணத்தை அவரே உழைத்துச் சேர்ப்பதாயின் ஏறக்குறைய 28 ஆண்டுகள் செல்லும். எந்த மனிதனும் அத்தனை ஆண்டுகள் உதைபந்தாட முடியாது. கிளெக் அவர்கள் விலை அதிகமென்று வருந்தினாரேயன்றி, ஊதியம் குறைவென்று வருந்தவில்லை.

விலை அதிகமா என்ற கேள்விக்கு மைதானம் விடை சொல்லிற்று. ஜாக் ஆர்சனலுக்காக 208 ஆட்டங்களில் 124 கோல்கள் போட்டார்.

அடுத்த ஆண்டில் பிரெஸ்டன் கழகத்திலிருந்து அலெக்ஸ் ஜேம்ஸ் என்ற குள்ளமான ஸ்கொத்லாந்துக்காரரை 8,750 பவுணுக்கு வாங்கினார். ஜேம்ஸ் தம் பெறுமதியை அறிந்தவர். எட்டுப் பவுண் வாரக்கூலி தமக்குப் போதாது என்றார். அதற்குமேல் ஒரு பென்னியும் கொடுக்கக் கழகத்தால் இயலாது. செல்பிரிட்ஜ் என்னும் பெருங்கடையிலே விளையாட்டுப் பொருட்களை விளக்கிக்காட்டும் உத்தியோகம் ஆண்டுக்கு 250 பவுண் சம்பளத்தில் அவருக்குக் கிடைத்தது. ஏனைய கழகங்கள் முணுமுணுத்தன, லீக் அதிகாரிகள் விசாரணை செய்தனர், குற்றமொன்றும் காணவில்லை. லீட்ஸ் சிற்றியின் கதியைக் கண்ட சப்மன், விதியை மீறாமல் விதியைச் சுற்றிவரும் வித்தையைக் கற்றிருந்தார்.

இந்தப் பெருவிலைகளை மட்டும் சொல்லிச் சப்மனைப் பணத்தை அள்ளி வீசியவர் என எழுதுவோர் உளர். அது நேர்மையான எழுத்தன்று. ஆர்சனல் அணியின் நடுத்தூணாக நின்ற ஹேர்பி றொபேட்ஸ், ஒஸ்வெஸ்ட்ரி என்னும் சிற்றூர்க் கழகத்திலிருந்து வெறும் 200 பவுணுக்கு வந்தவர். பின்னர் இங்கிலாந்து தேசிய அணிக்கே தலைவரான எடி ஹப்கூட், கெற்றறிங் கழகத்திலிருந்து 950 பவுணுக்கு வந்தவர். கிளிவ் பாஸ்டின் கதை இன்னும் சுவையானது. சப்மன் வோட்பேட் மைதானத்துக்குச் சென்றது அவ்வூர் ஆட்டக்காரர் ஒருவரைப் பார்ப்பதற்கு. எதிரணியாக வந்த எக்ஸ்டர் கழகத்தில் ஒரு சிறுவன் இடப்புறத்தில் ஆடினான். லீக் ஆட்டம் ஆடிப் பழகாத பையன். பார்க்கப்போனவரை மறந்துவிட்டுச் சப்மன் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1929இல் 2,000 பவுண் கொடுத்து அவனை வாங்கியபோது அவனுக்குப் பதினேழு வயது. லீக்கில் ஆடியிருந்தவை 17 ஆட்டங்களே. அந்தப் பாஸ்டின் ஆர்சனலுக்காகப் போட்ட 178 கோல்கள் 1997வரை அக்கழகத்தின் சாதனையாக நிலைத்தன. 10,890க்கும் 200க்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு பொருளின் அருமையில் மட்டுமே. இரண்டு வெற்றிடமும் நிரப்பப்படவேண்டிய வெற்றிடமே.

1930இல் ஆர்சனல் கிண்ணத்தை வென்றது; இறுதியாட்டத்தில் தோற்றது சப்மன் வளர்த்த அதே ஹடர்ஸ்பீல்ட். 1931இல் லீக் சம்பியன். சட்டையின் முதுகில் இலக்கம் இடுதல், இரவிலே மின்னொளியில் ஆடுதல், நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கே கழகத்தின் பெயரைச் சூட்டுவித்தல் என்று அவர் எண்ணியவையும் செய்தவையும் பல. அவற்றைப் பிறர் விரிவாக எழுதியிருக்கின்றனர். நாம் விற்பனைக் கதையையே தொடர்வோம். ஏனெனில் இதுவரை அவர் வாங்கியதைத்தான் சொன்னோம்.

1933ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி கிண்ணப்போட்டியின் மூன்றாஞ் சுற்றில் ஆர்சனல், மூன்றாம் பிரிவுக் கழகமான வோல்சோலை அதன் மைதானத்திற் சந்தித்தது. அந்த முழு அணியையும் சேர்ப்பதற்கு வோல்சோல் செலவிட்டது 69 பவுண் என்றும், ஆர்சனல் தன் சப்பாத்துக்களுக்கே 87 பவுண் செலவிட்டதென்றும் பத்திரிகைகள் எழுதின. நோயினாலும் காயத்தினாலும் ஆர்சனலில் முதல்நிலை ஆட்டக்காரர் சிலர் இல்லை. இல்லாத இடங்களுக்கு அனுபவம் மிக்கவர்களைத் தேடாமல், இரண்டாம் அணியின் இளைஞர் நால்வருக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் எனச் சப்மன் தீர்மானித்தார். மைதானமோ ஒடுங்கியது, பார்வையாளர் மூச்சு ஆட்டக்காரரின் முதுகிற் படும். ஆர்சனல் 2 - 0 எனத் தோற்றது. ஹப்கூட்டின் இடத்தில் ஆடிய ரொமி பிளாக் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர் எதிரி முன்வரிசை ஆட்டக்காரரைக் கடுமையாக இடறிவீழ்த்தியதால் கிடைத்த தண்டனை உதையே இரண்டாவது கோலாயிற்று.

பிளாக் ஆர்சனல் மைதானத்துக்குத் திரும்பவேகூடாது எனச் சப்மன் உத்தரவிட்டார். ஒரு வாரத்துக்குள் அவர் தேசத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள பிளிமத் கழகத்துக்கு விற்கப்பட்டார். நடுமுன்வரிசையில் ஆடிய சார்ளி வோல்ஷ் அந்த மாதம் முடிவதற்குள் பிரெண்ட்போட் கழகத்துக்கு விற்கப்பட்டார். மூன்றாமவர் அந்தப் பருவத்தின் முடிவில் வேறு கழகத்துக்குப் போனார்.

இங்கேதான் நமக்குச் சப்மனோடு வழக்கு. அந்த அணியைத் தெரிவுசெய்தவர் அவர். இளைஞர்களைப் பழக்கமில்லாத சேற்றில் இறக்கியவர் அவர். பிளாக்கின் முரட்டுத்தனம் கழகத்தின் பெயருக்கு இழுக்கென அவர் கருதியிருக்கலாம், அது கண்டிக்கத்தக்கதே. ஆயினும் கண்டித்தல் வேறு, விற்றுவிடுதல் வேறு. விற்பனை அன்று பிளாக்கின் விலையை அறிந்து செய்யப்பட்டதன்று, கோபத்திற் செய்யப்பட்டது. கால்நூற்றாண்டு அனுபவத்தில் அவர் ஒரு மனிதரை மதிப்பிடாமல் அகற்றினார் என்றால் அது இந்தச் சந்தர்ப்பமே. ஏழே ஆட்டங்களைக் கொண்டு தம்மை எழுபது பவுணாக்கிய சந்தையைத் தாமே நடத்துகிற நிலையிலிருந்தபோது, ஓர் ஆட்டத்தைக் கொண்டு இன்னொருவரைத் தீர்த்துவிட்டார். பிளாக் பிளிமத்தில் ஆண்டுகள் சில நன்றாகவே ஆடினார். ஆர்சனலோ அந்தப் பருவத்திலேயே மீண்டும் லீக் சம்பியன் ஆயிற்று. சப்மனின் புகழுக்குக் குறை ஒன்றும் நேரவில்லை.

1934 புத்தாண்டுத் தினத்தில் சப்மன் பெரி என்னும் ஊருக்குச் சென்று, தம்மை ஒருகாலத்தில் வாங்கி விற்ற நொட்ஸ் கவுன்டி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தார். மறுநாள் ஷெபீல்டுக்குச் சென்று, வார இறுதியில் ஆர்சனலை எதிர்க்கவிருந்த வெனஸ்டே அணியைப் பார்வையிட்டார். லண்டன் திரும்பும்போது தடிமனும் காய்ச்சலும் தொற்றியிருந்தன. வைத்தியர் படுக்கையில் இருக்கச் சொன்னார். அவரோ பையன்களை நெடுநாளாகப் பார்க்கவில்லை என்று எண்ணி, கில்ட்பேட் என்னும் ஊரிலே ஆர்சனலின் மூன்றாம் அணி ஆடிய ஆட்டத்துக்குப் போய்க் குளிரில் நின்றார். முதல் அணியின் வாசலைக் கண்டிராத, பத்திரிகையிற் பெயர் வராத, இன்னும் எவராலும் விலை சொல்லப்படாத பையன்கள் ஆடிய ஆட்டம் அது.

நோய் நியூமோனியாவாக முற்றியது. சனவரி 6ஆம் திகதி சனிக்கிழமை அதிகாலையில் ஹெண்டன் இல்லத்திலே அவர் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அன்று பிற்பகல் ஆர்சனல் தன் மைதானத்தில் ஷெபீல்ட் வெனஸ்டேயைச் சந்தித்தது. ஆட்டம் ஒன்றுக்கொன்றாகச் சமநிலையில் முடிந்தது.